கடுஞ்சொல்லும் முறையீடும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் பெசன்ட் நகரில் வசிக்கும் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஹாஜியார் அவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ராஜாஜி பவனின் படிகளை ஏறி இறங்கியே தம் முழங்கால் தேய்ந்தது என்று வேடிக்கையாகச் சொல்வார். அன்று அவர் முகத்தில் அந்த வேடிக்கை இல்லை. பேசி முடித்த பிறகும் தொலைபேசியைக் கீழே வைக்க மறந்தவராய் அமர்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். அவருடைய துணைவியாருக்கு இரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. மாதந்தோறும் மருந்துகளை வீட்டுக்கே அனுப்பித் தரும் நிறுவனம் ஒன்றில் முன்பணம் செலுத்தி வாங்கி வருகிறார்கள். அந்த மாதம் மருந்துப் பொட்டலம் வந்து சேரவில்லை. ஆனால், ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்று கைப்பேசிக்குச் செய்தி மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. கையிருப்பில் இரண்டு நாள் மாத்திரைகளே எஞ்சியிருந்தன. ஹாஜியார் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தார். ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என்னும் கட்டளைகளையெல்லாம் நிறைவேற்றி, ஒரே இசையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் காத்திருந்தபின் ஒரு மனிதக் குரல் கிடைத்தது. அவருக்குச் செவி சற்று மந்தம். கேட்ட கேள்வியை இருமுறை திரும்பச் சொல்லும்படி வேண்டினார். அதற்கு மறுமுனையில் இருந்தவர், "பெரியவரே, உங்களுக்குக் காது கேட்கவில்லை என்றால் காது கேட்கிறவர் யாரையாவது பேசச் சொல்லுங்கள். மருந்தை நீங்களே வாங்கி வைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். எங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்" என்று கூறி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

"மருந்து போனால் போகிறது, ஹஜ்ரத். கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் என்னைப் பொய்யன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டானே! இத்தனை ஆண்டுகள் எத்தனையோ பேருடைய மனுக்களை வாங்கிப் பார்த்தவன் நான். ஒருவரையும் இப்படிப் பேசியதில்லையே" என்றார் ஹாஜியார்.

கல்லூரியில் படிக்கும் அவருடைய பேரன் அதற்குள் தன் கைப்பேசியில் அந்த நிறுவனத்துக்கு மறுமொழி எழுதத் தொடங்கியிருந்தான். எட்டிப் பார்த்தேன். வாசிக்க நாக்கூசும் சொற்கள். அவனைத் தடுத்தேன். தடுத்த நானே அடுத்த நொடியில், "அவனை வேலையை விட்டு நீக்கும்படி எழுது தம்பி. அப்போதுதான் புத்தி வரும்" என்று சொன்னேன்.

ஹாஜியார் என்னை ஒருமுறை பார்த்தார். "எழுதத்தான் வேண்டும், ஹஜ்ரத். ஆனால் எவ்வளவு எழுதலாம், எதோடு நிறுத்தவேண்டும் என்று மார்க்கம் ஏதேனும் எல்லை வகுத்திருக்கிறதா?" என்று கேட்டார்.

பல ஆண்டுகளாக மதரஸாவில் பாடம் நடத்தி வரும் எனக்கு உடனே விடை வரவில்லை. கோபம் வந்து உட்கார்ந்த இடத்தில் கல்விக்கு இடம் கிடைப்பதில்லை. மஃரிபுக்குப் பின் கடற்கரையோரமாக நடந்து வரும்போது அந்தக் கேள்வியே கூட வந்தது. அதற்கு நான் கண்ட விடையை வாசகர்களின் முன் வைக்கவே இதை எழுதுகின்றேன்.

முறையிடுவது பொறுமைக்கு மாறானதா?

நம்மில் பெரியவர்கள் பலர் இத்தகைய வேளைகளில், "ஸப்ரு செய்துகொள்ளுங்கள், விட்டுவிடுங்கள்" என்று சொல்வதுண்டு. நல்லெண்ணத்தில் சொல்லப்படும் அறிவுரைதான். ஆயினும் பொறுமை என்பது அநீதியைக் கண்டும் வாய்மூடி இருப்பதற்கு இட்ட பெயரன்று. தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை இறைவன் விரும்புவதில்லை என்று கூறும் திருமறை, அநீதி இழைக்கப்பட்டவருக்கு அதில் விலக்கு அளித்திருக்கிறது. நிஸா அத்தியாயத்தின் 148-ஆம் வசனத்தின் கருத்து அது. பாதிக்கப்பட்டவன் தனக்கு நேர்ந்ததை எடுத்துரைப்பது புறமாகவோ பழியாகவோ ஆகாது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. பெருமானாரிடமிருந்து ஓர் ஒட்டகம் வரவேண்டிய ஒரு மனிதர் வந்து, அதைக் கடுமையான சொற்களால் கேட்டார். தோழர்கள் அவர்மீது பாயப் பார்த்தார்கள். பெருமானார் தடுத்தார்கள். தனக்குரியதைக் கேட்க வந்தவனுக்குப் பேசும் உரிமை உண்டு என்னும் கருத்தைச் சொல்லி, அவருக்குரிய வயதுடைய ஒட்டகத்தையே வாங்கித் தரும்படி பணித்தார்கள். அத்தகைய ஒட்டகம் கிடைக்கவில்லை. அதைவிட மேலானதே கிடைத்தது. அதையே கொடுக்கச் சொன்னார்கள். புகாரி ஷரீபில் இடம்பெற்றுள்ள செய்தி இது.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்குங்கள். வந்தவர் வாடிக்கையாளர் நிலையில் இருக்கிறார். கேட்கப்படுபவர் மதீனாவின் தலைவர். கடுமையாகப் பேசியவர் வந்தவரே. அப்படியிருந்தும் பேச்சின் கடுமையைக் காரணமாகக் காட்டி அவருடைய உரிமை மறுக்கப்படவில்லை. பேசிய முறை வேறு, கேட்ட பொருள் வேறு என்று பிரித்துப் பார்க்கப்பட்டது. இன்று நம் நாட்டு நிறுவனங்களின் தொலைபேசி மேசைகளில் நிகழ்வது இதற்கு நேர் எதிரன்றோ? வாடிக்கையாளர் குரலைச் சற்று உயர்த்தினாலே அவருடைய குறையும் சேர்ந்து தள்ளுபடியாகிவிடுகிறது. ஹாஜியாரோ குரலைக்கூட உயர்த்தவில்லை. மீண்டும் சொல்லுங்கள் என்று கேட்டதே அவர் செய்த குற்றம்.

யாசிப்பவரை விரட்டாதீர் என்று ளுஹா அத்தியாயம் கட்டளையிடுகிறது. அங்குக் குறிக்கப்படுபவர் வெறும் பிச்சை கேட்பவர் மட்டுமல்லர், கல்வியையும் விளக்கத்தையும் கேட்டு வருபவரும் அதில் அடங்குவர் என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பணம் கொடுத்துவிட்டு, என் பொருள் எங்கே என்று கேட்பவரை விரட்டுவது எவ்வளவு பெரிய பிழை!

ஆகவே முறையிடுவது குற்றமன்று. இன்னும் சொல்லப்போனால், ஹாஜியார் வாய்மூடி இருந்துவிட்டால் அதே சொல் நாளை இன்னொரு முதியவரின் காதில் விழும். அவர் பேரன் இல்லாதவராக, தனியே வாழ்பவராக இருக்கக்கூடும். கையிருப்பில் ஒரு மாத்திரைகூட இல்லாதவராகவும் இருக்கக்கூடும். ஒருவர் எழுதும் முறையீடு பின்வரும் பலருக்கும் கேடயமாகிறது.

2021-இல் நாம் கண்டது

முறையீட்டுக்கு எல்லை வேண்டுமா என்னும் அடுத்த கேள்விக்கு, தமிழகமே பேசிய ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

2021 அக்டோபர் மாதம், சொமேட்டோ என்னும் உணவு விநியோக நிறுவனத்தின் வழியாக உணவு வாங்கிய தமிழக இளைஞர் ஒருவருக்கு, அவர் கேட்டிருந்த உணவுகளில் ஒன்று வந்து சேரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு அந்நிறுவனத்தின் சேவைப் பிரிவோடு எழுத்து வழியாக உரையாடினார். மொழி புரியாததால் உணவகத்தோடு பேச இயலவில்லை என்று பதில் வந்தது. தமிழகத்தில் தொழில் நடத்தினால் தமிழ் அறிந்தவர்களை அல்லவா அமர்த்தவேண்டும் என்று அவர் கேட்டார். இந்தி தேசிய மொழி, ஆகையால் அனைவரும் அதைச் சிறிதேனும் அறிந்திருப்பது இயல்பு என்னும் பொருளில் அந்த ஊழியர் பாடம் எடுத்தார். இளைஞர் அந்த உரையாடலின் படங்களை டுவிட்டரில் வெளியிட்டார். மாநிலமெங்கும் கண்டனம் எழுந்தது. நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவை அந்தந்த மாநில மொழிகளில் இயங்குவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி குரல் கொடுத்தார்.

அக்டோபர் 19 அன்று நிறுவனம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கோரியது. அந்த ஊழியரைப் பணியிலிருந்து நீக்கிவிட்டதாகவும், கோயம்புத்தூரில் தமிழ்ச் சேவை மையம் ஒன்றை அமைத்து வருவதாகவும் அறிவித்தது. சில மணி நேரம் சென்றபின் நிறுவனர் தீபிந்தர் கோயல், அந்தப் பெண்மணியை மீண்டும் பணியில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார். இந்த ஒன்றுக்காக மட்டும் அவரை நீக்கியிருக்கக் கூடாது என்றும், சேவை மையங்களில் இருப்போர் இப்போதுதான் கற்றுக்கொண்டு வரும் இளைஞர்கள் என்றும் சொன்னார். அறியாமல் செய்த பிழை ஒன்று தேசியப் பிரச்சினையாகிவிட்டது, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் மிகுதியாக வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இந்த நிகழ்ச்சியில் யார் செய்தது சரி, யார் செய்தது பிழை என்பதில் என் கருத்தை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன்.

முறையிட்ட இளைஞர் செய்தது சரியே. அவருக்குச் சொல்லப்பட்ட செய்தி உண்மைக்கும் மாறானது. அரசியல் சட்டத்தின் 343-ஆவது பிரிவு, தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்றுதான் குறிப்பிடுகிறது. எந்த ஒரு மொழியையும் தேசிய மொழி என்று சட்டம் சொல்லவில்லை. 2010-இல் குஜராத் உயர்நீதிமன்றமும் இதை எடுத்துக்காட்டியுள்ளது. உணவு எங்கே என்று கேட்டவனிடம் உன் மொழி எது என்று கேட்பது பண்பற்ற செயல்.

நிறுவனம் அந்த ஊழியரை முதலில் நீக்கியது பிழை. தமிழகத்தில் கடை விரித்தவர்கள் யார்? தமிழ் அறியாத ஒருவரைத் தமிழகத்து வாடிக்கையாளருக்கு விடை சொல்ல அமர்த்தியவர்கள் யார்? பழியின் பெரும்பங்கு அவர்களுடையது. அதை மறைக்கக் கடைசிப் படியில் நின்றவரின் பிழைப்பைப் பலியிட்டால் போதும் என்று முதலில் கருதினார்கள். பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அதைவிட மலிவான வழி வேறில்லை. பின்னர் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது நேர்மை.

ஆனால் சகிப்புத்தன்மை பற்றிய அந்த அறிவுரை இடம் மாறி விழுந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளும் கடமை முதலில் வலியவனுடையது. பொருளை இழந்தவனும் அவமதிக்கப்பட்டவனுமாகிய வாடிக்கையாளனைப் பார்த்து, நீதான் இன்னும் பொறுக்கவேண்டும் என்று முதலாளி சொல்வது அழகன்று. கடுமையாகப் பேசிய மனிதரிடம், நீர் பொறுமையைக் கற்றுக்கொள்ளும் என்று பெருமானார் கூறவில்லை. அவருக்குரியதைவிட மேலான ஒட்டகத்தைக் கொடுத்தார்கள்.

இதற்கு முந்திய ஆண்டு, 2020 ஆகஸ்டில், சென்னை விமான நிலையத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசும்படி கேட்டபோது, நீங்கள் இந்தியரா என்று தம்மிடம் வினவப்பட்டதாகக் கனிமொழி வெளியிட்ட செய்தியும் நினைவிருக்கும். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை விசாரணைக்கு உத்தரவிட்டது. எந்த ஒரு குறிப்பிட்ட மொழியையும் வலியுறுத்துவது தன் கொள்கையன்று என்றும் தெரிவித்தது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததால் அவர் குரல் உடனே கேட்டது. பெசன்ட் நகர் ஹாஜியாரின் குரலும் அதேபோல் கேட்கவேண்டும் என்பதே நம் கவலை.

மறுமுனையில் இருப்பவர் யார்?

எங்கள் மஹல்லாவில் ஓர் இளைஞர் இருக்கிறார். என்னிடம் குர்ஆன் ஓதியவர். தந்தையை இழந்தவர். அவர் சம்பாத்தியத்தில்தான் உம்மாவும் இரண்டு தங்கைகளும் வாழ்கிறார்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் இத்தகைய சேவை மையம் ஒன்றில் அவருக்கு வேலை. ஹாஜியார் வீட்டு நிகழ்ச்சிக்குப் பின் ஒருநாள் இஷா முடிந்து அவரை அமர்த்தி விசாரித்தேன்.

அவர் சொன்னவை என் கோபத்தைக் கரைத்துவிட்டன. ஒரு அழைப்பு முடிந்த மறுகணமே அடுத்த அழைப்பு தானாக வந்து காதில் விழும். ஒவ்வோர் அழைப்பும் எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்று கணக்கெடுக்கப்படும். நேரம் நீண்டால் மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் ஊக்கத்தொகை குறையும். இருக்கையை விட்டு எழுந்தால் அதற்கும் கணக்கு. தொழுகைக்கு எழுவதற்கே மேற்பார்வையாளரின் முகம் பார்க்கவேண்டும். பேசவேண்டிய வாசகங்கள் முன்னரே எழுதித் தரப்பட்டிருக்கும். பொருள் எங்கே போயிற்று என்று தேடிக் கண்டுபிடிக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அவருக்கு அதிகாரம் இல்லை. விடை இல்லாத கேள்விகளுக்கு நாள் முழுவதும் விடை சொல்லிக்கொண்டிருப்பதே அவர் வேலை.

"சில பேர் எடுத்தவுடனேயே உம்மாவைச் சொல்லித் திட்டுவார்கள், ஹஜ்ரத். நாங்கள் வைத்துவிடக் கூடாது. கேட்டுக்கொண்டே மன்னியுங்கள் சார் என்று சொல்லவேண்டும். ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டு, அடுத்து வந்த ஒரு அம்மாவிடம் எரிந்து விழுந்துவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது" என்றார் அவர். சொல்லும்போது அவர் கண் கலங்கியதைக் கண்டேன்.

இது கடுஞ்சொல்லுக்கு நியாயம் ஆகாது. வாங்கிய அடியை, அடிக்காதவன்மீது இறக்குவது எந்த மார்க்கத்திலும் அனுமதியன்று. ஆனால் அந்தக் கடுமை எங்கே பிறக்கிறது என்பதை இது காட்டுகிறது. மேலேயிருந்து நேரக் கணக்கு அழுத்துகிறது, எதிரிலிருந்து வசைமொழி தாக்குகிறது. நடுவில் நசுங்கும் நாவு வளைந்துவிடுகிறது.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைச் சொல்லிப் பழித்துவிட்டார்கள். பெருமானார் அதைக் கண்டித்து, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மில் எஞ்சியிருக்கிறது என்னும் கருத்துப்பட உரைத்தார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. உங்களுக்குப் பணி செய்வோர் உங்கள் சகோதரர்கள், அவர்களால் தாங்க இயலாத சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்னும் கருத்தையும் சேர்த்தார்கள். வசைமொழிக்குக் கண்டனமும், வேலைச் சுமைக்கு வரம்பும் ஒரே பேச்சில் வந்திருப்பதைக் கவனியுங்கள். ஒன்றைக் களையாமல் மற்றொன்றைக் களைய முடியாது போலும்!

பெருமானாரிடம் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அத்தனை காலத்தில் ஒருமுறையேனும் தம்மைப் பார்த்துச் சீ என்றுகூட அவர்கள் சொன்னதில்லை என்று சாட்சி கூறியிருக்கிறார்கள். அத்தகைய எசமானரிடம் பழகியவரின் நாவு எப்படிக் கடுமையாகும்? ஊழியரின் நாவு இனிக்கவேண்டுமானால் முதலாளியின் நடத்தை முதலில் இனிக்கவேண்டும்.

நம் வீட்டு வாசலில்

இங்கே நம்மையும் நாம் பார்த்துக்கொள்வது நலம். நாமும் பெரும்பாலும் வணிகம் செய்து வாழும் சமுதாயத்தார். திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்திருப்போரில் நம்மவர் எத்தனை பேர்! வாங்கிய துணியைத் திருப்பிக் கொண்டுவரும் ஏழைப் பெண்ணிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்? விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் இலகுவாக நடப்பவனுக்கு இறைவன் அருள் புரியவேண்டும் என்று பெருமானார் துஆச் செய்திருக்கிறார்கள். அந்தத் துஆவுக்கு உரியவர்களாக நாம் இருக்கிறோமா?

உணவுப் பொட்டலத்தோடு மூன்று மாடி ஏறி வரும் பையனிடம் நாம் சொல்லும் முதற்சொல் என்ன? "ஏன் இவ்வளவு தாமதம்?" என்பதுதானே! சித்திரை வெயிலில் வந்தவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் தர எத்தனை வீடுகளில் தோன்றுகிறது?

இன்னொன்றும் உண்டு. இந்தி தெரியாதா என்று கேட்டவர்மீது சினந்த நாம், பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து நம் உணவகங்களில் மேசை துடைக்கும் பிள்ளைகளின் உடைந்த தமிழைக் கேலி செய்யாமல் இருக்கிறோமா? மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவன் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக ரூம் அத்தியாயத்தில் எண்ணிக் காட்டுகிறான். தூதர்கள் ஒவ்வொருவரையும் அவரவர் சமூகத்தின் மொழியிலேயே அனுப்பியதாக இப்ராஹீம் அத்தியாயத்தில் கூறுகிறான். இறைத்தூதே மக்களின் மொழியில் வந்திருக்க, ஒரு மருந்துப் பொட்டலத்தின் செய்தி மக்களின் மொழியில் வரவேண்டும் என்று கேட்பது மிகையாகுமா? ஆனால் அதைக் கேட்கும் நாவு, மற்றவரின் மொழியை இழிவு செய்யாத நாவாக இருக்கவேண்டும்.

முறையீட்டின் முறை

ஹாஜியாரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். எவ்வளவு எழுதலாம், எதோடு நிறுத்தவேண்டும்?

முதலாவது, நடந்ததை மட்டும் எழுதவேண்டும். முறையீடு என்பது ஒருவகைச் சாட்சியம். சாட்சியத்தில் கூட்டுவதும் குறைப்பதும் பாவம். அழைத்த தேதி, நேரம், கொடுத்த முறையீட்டு எண், பேசியவர் சொன்ன பெயர், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றை மறப்பதற்கு முன் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இருமுறை சொன்னதைப் பத்துமுறை சொன்னதாக எழுதாதீர்கள்.

இரண்டாவது, வசைக்கு வசை எழுதாதீர்கள். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்ட மூஸா (அலை), ஹாரூன் (அலை) ஆகியோருக்கே மென்மையாகப் பேசும்படி கட்டளை வந்தது. தொலைபேசி மேசையில் இருக்கும் பிள்ளை ஃபிர்அவ்னைவிடக் கொடியவனல்லன், நாமும் மூஸா (அலை) அவர்களைவிட உயர்ந்தவர்கள் அல்லோம்.

மூன்றாவது, உரிய வாசலைத் தட்டவேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் வகுக்கப்பட்ட மின்வணிக விதிகளின்படி, இணையவழி வணிகம் செய்யும் நிறுவனம் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிடவேண்டும். முறையீடு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதை ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். அவர் செவிசாய்க்காவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. வங்கி பற்றிய முறையீடானால் முதலில் வங்கிக்கு எழுதி, 30 நாட்களில் விடை வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இத்தனை வாசல்கள் இருக்க, அந்த ஊழியரின் படத்தையும் பெயரையும் ஊருக்கெல்லாம் பரப்பி இழிவு செய்வது எதற்கு?

நான்காவதுதான் கடினமானது. எதைக் கேட்பது? தவறிய பொருளைக் கேளுங்கள். மன்னிப்பைக் கேளுங்கள். இனி முதியவர்களிடம் இப்படிப் பேசாதிருக்கப் பயிற்சி தரும்படியும், பேசுவோருக்குப் போதிய நேரமும் அதிகாரமும் கொடுக்கும்படியும் கேளுங்கள். ஆனால் ஒரு சொல்லுக்காக ஒருவரின் ரிஸ்க்கைப் பறிக்கும்படி கேட்காதீர்கள். திரும்பத் திரும்பக் கொடுமை செய்பவர் என்று உறுதிப்பட்டால் அது வேறு. ஒரு நாளின் ஒரு கடுஞ்சொல்லுக்கு ஒரு குடும்பத்தின் சோறு ஈடாகாது. நீதி கேட்கப் புறப்பட்டவன் அநீதி செய்து திரும்பக் கூடாது. இந்த எல்லையை அன்று மறந்தவன் நான். ஹாஜியார் வீட்டில் நான் சொன்ன அந்தச் சொல்லுக்காக இறைவனிடம் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை சென்றபோது பேரன் தான் எழுதியதை அழித்துவிட்டு, நன்னா சொல்லச் சொல்லப் புதிதாக எழுதி அனுப்பியதைக் காட்டினான். தமிழில் ஏழே வரிகள். தேதி, நேரம், எண், சொல்லப்பட்ட சொற்கள். அதற்குப் பிறகு ஹாஜியார் தாமாகச் சேர்த்த ஒரு வரி இருந்தது. 'என் செவி மந்தமானது உண்மை, நான் பொய் சொன்னேன் என்பது உண்மையன்று.' மூன்றாம் நாள் நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்து வருத்தம் தெரிவித்தார் என்றும், பொட்டலம் பக்கத்துக் கட்டடத்தில் தவறுதலாகக் கொடுக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது என்றும் சொன்னார்கள். கடுமையாகப் பேசியவர் என்ன ஆனார் என்று ஹாஜியார் அவரிடம் கேட்டிருக்கிறார். வேறு பிரிவில் பயிற்சிக்கு அனுப்பியிருப்பதாக விடை வந்ததாம். "அல்ஹம்து லில்லாஹ், வேலை போகவில்லை" என்று சொல்லி, தேநீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

அன்புச் சகோதர சகோதரிகளே! இன்று ஜும்ஆவுக்குப் பின் உங்களில் யாரேனும் ஏதேனும் ஒரு சேவை எண்ணை அழைக்க நேரலாம். யாரேனும் அத்தகைய ஓர் அழைப்புக்கு விடை சொல்லும் இருக்கையில் அமரவும் நேரலாம். இரு முனைகளிலும் இருப்பது மனிதர்தாம். இரு முனைகளின் பேச்சையும் எழுதிக்கொண்டிருக்கும் வானவர்களும் உண்டு. நிறுவனத்தார் செய்யும் ஒலிப்பதிவு சில மாதங்களில் அழிந்துவிடும். வானவர்களின் பதிவேடோ மறுமையில் விரிக்கப்படும்.

உரிமையைக் கேட்கும் துணிவையும், கேட்கும்போது எல்லை மீறாத நாவையும், கேட்கப்படும்போது முகம் சுளிக்காத உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.